நரி பிடிக்கப் போறீங்களா?

ஆபீசில் ஒருவருக்கு எதிர்பாராமல் அரியர்ஸ் வந்துவிட்டது என்று வையுங்கள். பக்கத்து சீட்காரர் கேட்கும் முதல் கேள்வி: "என்னய்யா, காலையில நரி முகத்துல முழிச்சியா?" அவர் வழக்கமாக யார் முகத்தில் முழிப்பார் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். குடும்ப விஷயம். ஆனால் இந்த நரி முக சமாச்சாரத்தை வாய்ப்பேச்சோடு விடாமல், நிஜமாகவே ஒரு நரியைப் பிடித்து வந்து ஊரையே அதன் முகத்தில் முழிக்க வைத்த கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு.

சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில், சின்னமநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில், இதற்கு வங்காநரி ஜல்லிக்கட்டு என்று பெயர். பொங்கல் முடிந்த கையோடு இளவட்டங்கள் வலையும் கையுமாகக் காட்டுப் பக்கம் கிளம்புவார்கள். நரி சிக்கினால் வாயைக் கட்டி, கயிறு போட்டு, மேளதாளத்தோடு கோயிலைச் சுற்றி ஓட விடுவார்கள். ஊரே கூடிப் பார்க்கும். பிறகு கொண்டுபோய்க் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. (அன்றைக்கு அந்த நரி யார் முகத்தில் விழித்தது, அதற்கு என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை.) வனத்துறை இப்போதெல்லாம் பொங்கலுக்கு முன்பே போய் எச்சரிக்கிறது. மீறியவர்களிடம் அபராதமும் வசூலித்திருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்காவது காரணம் சொல்ல ஒரு சாமி இருக்கிறது. ராஜபாளையத்தில் இருக்கும் என் நண்பருக்கு இருப்பது ஒரு செல்போன்!

நூல் மில் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். வயசு இருபத்தாறு. பேர் வேண்டாம், வேலை போய்விடும். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் தூக்கம் வரும்வரை அமெரிக்க வீடியோ. தொப்பி வைத்த ஒரு தாடிக்காரர், ஜீப் மாதிரி ஒரு வண்டி, 'முதன்முதலாகக் கயோட்டி பிடிப்பது எப்படி' என்று பாடம். கயோட்டி என்பது நம்மூர் நரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். நாலு ராத்திரி பார்த்ததும் நண்பருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"மாப்ளே, இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? நமக்குப் பக்கத்துலயே மலை. மலையில நரி. சைக்கிள் கடைக்குக் கடை பிரேக் ஒயர் தொங்குது. ஒரு சுருக்குப் போட்டா ஆச்சு. சும்மா பிடிச்சுப் பாத்துட்டு விட்டுடலாம்!"

இந்த 'சும்மா' இருக்கிறதே, அதுதான் ஆபத்தான வார்த்தை.

முதலில் அந்த அமெரிக்கத் தாடிக்காரரின் கதையைப் பார்த்துவிடுவோம். அங்கே பல மாநிலங்களில் பொறி வைக்க லைசென்ஸ் வேண்டும். சில இடங்களில் புதிதாக வருகிறவர் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால்தான் அந்த லைசென்ஸே கிடைக்கும். வைத்த பொறியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. இரும்பில் மனித வாடை ஒட்டக்கூடாது என்று கையுறை போட்டுக்கொள்கிறார்கள். நரி ஒன்று இரையைப் புதைத்து வைத்த வளை மாதிரி ஜோடிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, எந்தத் தடத்தில் மிருகம் தினம் நடக்கிறது என்று வாரக்கணக்கில் நோட்டம் பார்க்கிறார்கள். வீடியோவில் வருவது கடைசி நாலு நிமிஷம்.

இத்தனை பாடுபட்டு என்ன ஆயிற்று? ஒரு காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் புல்வெளிகளில் மட்டும் இருந்த கயோட்டி, இன்றைக்கு ஹவாய்த் தீவு தவிர எல்லா மாநிலத்திலும் ஊளையிடுகிறது. வருஷத்துக்குப் பல பத்தாயிரம் கொன்றும் குறையவில்லை, பரவியிருக்கிறது. கடல் தாண்டி ஐரோப்பாவில், காலைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பொறிக்கு 1991-லேயே தடைச் சட்டம் போட்டு, 1995 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்தை விட்டால் ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். (பால்கோவா வாங்க இறங்கினால் அடுத்த பஸ்தான்.) மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். கொஞ்சம் தள்ளிக் கிழக்கே வந்தால் மக்காச்சோளம், நிலக்கடலை. தோப்புக்குள் யானை வரும். காட்டுக்குள் பன்றி இருக்கும் என்பது பழைய பேச்சு. பன்றி இப்போது கொல்லைக்குள் இருக்கிறது.

ராஜபாளையம் நாய் பிறந்ததே இதற்காகத்தான் என்பார்கள். ரோஸ் மூக்கு, வெள்ளைத் தோல், கம்பி மாதிரி உடம்பு. பாளையக்காரர் காலத்தில் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த ஜாதி. 2005-ல் தபால் தலையில் ஏறிவிட்டது. எச்சில் தொட்டு ஒட்டும் அந்தஸ்து எத்தனை வேட்டைக்காரனுக்குக் கிடைத்தது!

அடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். நரி பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று அறிமுகம் செய்தேன். அண்ணாச்சி நண்பரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நரியால எனக்கு என்ன தம்பி நட்டம்? நாலு எலி பிடிக்கும். வாய்க்கால்ல நண்டு பிடிக்கும். கீழ விழுந்த மாம்பழத்த நக்கும். திங்கட்டும், போகட்டும். பன்னி அப்பிடியா? கூட்டமா வருது. மூணு மாசம் தண்ணி பாய்ச்சி வளத்தது, ஒரே ராத்திரி. தின்னாக்கூடப் பரவால்ல. தின்னது கால்வாசி, சாச்சது முக்கால்வாசி. காலையில போய் நின்னா ரோடு ரோலர் விட்ட மாதிரி கிடக்கு. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். பன்னிகிட்ட ரசீது வாங்கிட்டுப் போயா காட்ட முடியும்?"

"அப்போ நீங்க கண்ணி வைப்பீங்களா அண்ணாச்சி?" என்றார் நண்பர், ஆவலாக.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

"பக்கத்துக் காட்டுக்காரன் வெச்சான். பன்னிக்குத்தான் வெச்சான். அதுல மாட்டுனது என் நாய். ராத்திரி பூரா ஒரு சத்தமும் இல்ல. எப்பிடிக் கத்தும்? இழுக்க இழுக்க இறுகிக்கிட்டே போகும்லா. விடிஞ்சு போய்ப் பாத்தேன்."

அப்புறம் நண்பர் பிரேக் ஒயர் பேச்சை எடுக்கவில்லை.

பன்றி ஓடிவரும் வேகத்துக்காகப் போட்ட சுருக்கு அது. அதே உயரத்தில், அதே வழியில், நரியும் வரும், மானும் வரும், சிறுத்தையும் வரும். கம்பிக்குக் கண் கிடையாது. சிறுத்தை மாட்டினால் இன்னும் கொடுமை. தலையும் முன்காலும் நுழைந்துவிடும், வயிற்றில் போய்ச் சுருக்கு விழும். வெளியே காயமே தெரியாது. மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, காப்பாற்றியாயிற்று என்று மூச்சு விடும்போது உள்ளே ஈரலும் குடலும் நசுங்கிச் செத்துப்போனவை எத்தனையோ.

இதைக் கண்டுபிடிக்க நானோ அண்ணாச்சியோ தேவையில்லை. பெருங்குன்றூர்கிழார் என்ற சங்கப் புலவர் எழுதியே வைத்துவிட்டார். நற்றிணையில் 119-ஆவது பாட்டு. தினைக்கொல்லையைத் தின்ன வரும் பன்றிக்காக ஒரு புனத்துக்காரன் 'அடார்' வைக்கிறான். அடார் என்றால் பெரிய பலகைக் கல்லைச் சாய்த்து, சின்ன முட்டுக் கொடுத்து நிறுத்தும் பொறி. முட்டைத் தட்டினால் கல் விழும். சரி, அதில் விழுந்தது எது? பன்றி இல்லை சார், புலி! பாட்டு என்னவோ காதல் பாட்டு. காதலனுடைய நாடு எப்படிப்பட்டது என்று சொல்கிற இடத்தில் போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார் புலவர். தமிழ் வாத்தியார்கள் இதற்கு உள்ளுறை, இறைச்சி என்று அழகழகாக அர்த்தம் சொல்வார்கள். எனக்கு என்னவோ இது வனத்துறையின் எஃப்.ஐ.ஆர். மாதிரிதான் தெரிகிறது.

இந்தப் பாட்டுக்கு உரை சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூரை விடப் பொருத்தமான இடம் இல்லை. 1988-ல் இங்கே சரணாலயம் வந்தது, சாம்பல் நிற மலை அணிலுக்காக. செண்பகத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவுமே, அதற்காக. 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆக, அடிவாரத்தில் ஒருவர் பன்றிக்குக் கம்பி கட்டுகிறார் என்றால், புலி வீட்டு வாசலில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

இப்போது சட்டம். பி.காம். படித்த பாவத்துக்கு எதையும் பற்று வரவு போட்டுத்தான் பார்ப்பேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதில் 'வேட்டை' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. கொல்வது மட்டும் வேட்டை அல்ல. பிடிப்பது வேட்டை. கண்ணி வைப்பது வேட்டை. இரை வைத்து இழுப்பது வேட்டை. இதற்கெல்லாம் முயற்சி செய்வதும் வேட்டை! வெறும் கம்பியோடு போய் வெறும் கையோடு திரும்பினாலும் கேஸ் கேஸ்தான். அதே சட்டம் 'ஆயுதம்' என்று போடும் பட்டியலில் துப்பாக்கி, கத்தி, வெடிமருந்தோடு கண்ணியும் பொறியும் வலையும் இருக்கின்றன. சைக்கிள் கடையில் தொங்கும்போது அது பிரேக் ஒயர். சுருக்குப் போட்டு வேலியில் கட்டிய நிமிஷம் ஆயுதம்.

2022-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் முதல் அமல். அதில் நம் நரிக்குப் பதவி உயர்வு. புலி, யானை இருக்கிற முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. முதல் அட்டவணை மிருகத்தை வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் ஜெயில். அபராதம் குறைந்தது இருபத்தையாயிரம். 'சும்மா பிடிச்சுப் பாத்துட்டு விட்டுடலாம்' என்பதற்கு இந்தக் கணக்கில் காலமே கிடையாது. வரவுப் பக்கம் என்ன? செல்போனில் ஒரு படம். அந்தப் படமே சாட்சியாக வந்து நிற்கும்.

நரிக் கணக்கில் இன்னொரு பதிவு இருக்கிறது. அது கிராமத்துக்காரர் கணக்கில் இல்லை, நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்கள் கணக்கில் இருக்கிறது. நரிக்கொம்பு! மணிபர்ஸில் வைத்தால் புரமோஷன் வரும், கல்லாவில் வைத்தால் காசு கொட்டும் என்று சொல்லி, ரோமம் சுற்றிய ஒரு துண்டை விற்பார்கள். நரிக்குக் கொம்பு கிடையாது. எந்த நரிக்கும் கிடையாது. செத்த நரியின் மண்டையோட்டுத் துண்டை எடுத்து, தோலோடு ஜோடித்து, கொம்பு என்று பேர் வைக்கிறார்கள். கொம்பு போலி, நரி செத்தது மட்டும் அசல். அதை வைத்திருந்தாலும் குற்றம்தான். இதில் எனக்கு எரிச்சல் வருவது எங்கே தெரியுமா? பிடிபடுகிறவன் பெரும்பாலும் விற்கிற ஏழை. பேரிலேயே நரியைச் சுமக்கும் நரிக்குறவர்கள் மேல்தான் ஊரின் முதல் சந்தேகம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான். மொபெட்டில் வந்து இறங்கி, பேரம் பேசி வாங்கி, பர்ஸில் சொருகிக்கொண்டு பத்து மணிக்குக் கையெழுத்துப் போடும் ஆசாமியை யார் கேட்கிறார்கள்? 'வாங்குபவர் உஷார்' என்று வணிகச் சட்ட வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் நரிதான் உஷாராக இருக்க வேண்டியிருக்கிறது.

'எல்லாம் சரி, அண்ணாச்சியின் மக்காச்சோளத்துக்கு என்ன வழி?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நரிக்காக உருகிவிட்டு விவசாயியை நட்டாற்றில் விடுவது பட்டணத்துப் பழக்கம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டசபையில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால், வனத்துறையினரே சுடலாம். சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. அதை கவனியுங்கள்.

பேப்பரில் படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணாச்சியின் கொல்லை எங்கே இருக்கிறது? முதல் கிலோமீட்டரில்! அடி வாங்குகிறவன் யாரோ அவனுக்குத்தான் மருந்து இல்லை. புலியும் அதே கிலோமீட்டரில்தான் நடமாடுகிறது, அதனால் அங்கே சுட முடியாது என்கிற நியாயம் புரிகிறது. அப்படியானால் இழப்பீடாவது முதலில் அங்கே போய்ச் சேர வேண்டாமா? சிட்டா, அடங்கல், போட்டோ, மனு என்று அலைந்து, அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த விளைச்சலையும் பன்றி பார்த்துவிடுகிறது. கம்பி வைக்காதே என்று சொல்ல அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு விலை அந்த இழப்பீடுதான். அதைத் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும். பில் பாஸ் செய்கிற மேஜைகளில் உட்கார்ந்திருக்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஃபைலைக் கொஞ்சம் மேலே எடுத்து வைக்கவும்.

அதுவரை அண்ணாச்சி செய்வது: கொல்லையைச் சுற்றி வீட்டிலுள்ள பழைய புடவைகள். கலர் கலராகக் கட்டியிருக்கிறார், தூரத்தில் பார்த்தால் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறது. வேலியடியில் சலூனிலிருந்து மூட்டையாக வாங்கி வந்த தலைமுடி. மோப்பம் பிடித்து வரும் பன்றிக்கு அது ஒவ்வாது என்கிறார். "ரெண்டு வாரம் பயப்படும். அப்புறம் பழகிடும். நாமளும் இடத்த மாத்திக் கட்டணும்." சோலார் வேலி போட யோசிக்கிறார். அதற்கும் 2023-ல் தனி விதிகள் வந்துவிட்டன. விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும் வேலிதான் அது, முறையாகப் பதிவு செய்துதான் போட வேண்டும். கரண்ட் கம்பத்திலிருந்து நேரே கொக்கி போட்டு இழுக்கிறார்களே, அதில் யானையும் செத்திருக்கிறது, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷனும் செத்திருக்கிறான்.

திரும்பி வரும்போது நண்பர் கேட்டார். "அப்போ கத்துக்க ஒண்ணுமே இல்லையா மாப்ளே?"

இருக்கிறது. தாடிக்காரர் வீடியோவில் காட்டாமல் விட்ட அந்த முதல் பாதி, தடம் பார்ப்பது, சட்டத்தில் எங்கும் தடுக்கப்படவில்லை. பொறி வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கும் ஒன்று இருக்கிறது. கேமரா பொறி. மரத்தில் கட்டிவைத்த பெட்டி, சூடான உடம்பு ஒன்று குறுக்கே போனால் தானே படம் எடுக்கும். புலிக் கணக்கெடுப்பே இதில்தான் நடக்கிறது. பாதைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒவ்வொன்று வைப்பார்கள். ஏன் இரண்டு? புலியின் இடது பக்கத்துக் கோடும் வலது பக்கத்துக் கோடும் ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கமும் படம் இருந்தால்தான் ஆள் அடையாளம் நிச்சயம். 2022 கணக்குப்படி தமிழ்நாட்டில் 306 புலி. காப்பகத்துக்குள் நாமாகப் போய்க் கேமரா கட்ட முடியாது, அது வனத்துறை வேலை. ஆனால் வருஷா வருஷம் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். பெயர் கொடுத்தால், தடம் பார்க்கத் தெரிந்த வனக்காவலரோடு ஒருநாள் நடக்கலாம்.

காட்டுக்குள் போகாமலே பழக வேண்டுமா? மழை பெய்த மறுநாள் ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்குப் போங்கள். ஈரமண்ணில் நாலு விரல், நக நுனி பதிந்த தடம் இருந்தால் நாய் அல்லது நரி. நகம் பதியாமல் உருண்டையாக இருந்தால் பூனை ஜாதி. வீட்டு நாய் அங்கே மோந்து இங்கே மோந்து, காசில்லாமல் கடைத்தெரு சுற்றுபவன் மாதிரி நடந்திருக்கும். நரி நேராக, வேலை இருக்கிறவன் மாதிரி நடந்திருக்கும். இன்னும் சந்தேகமா? குனிந்து நடு இரண்டு விரல்களைப் பாருங்கள். நாய்க்கு இரண்டு மெத்தையும் தனித்தனி. நரிக்கு அவை பின்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுருக்குக் கம்பி எதுவும் கண்ணில் பட்டால் தொட வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் மண் காய்ந்து தடத்தின் ஓரம் உதிர ஆரம்பித்துவிடும். பத்து மணி ஆபீசுக்கும் பஸ் சரியாக இருக்கும்.